கடற்குன்றின்மேல் ஐந்து ஊர்கள்

அழகிய இடம் ஒன்றைக் கண்டவுடன், "இயற்கையின் கொடையே கொடை!" என்று வியந்து கூறுவது நம் வழக்கம். உயர்ந்த மலை, ஓயாத கடல், வீழும் அருவி ஆகியவற்றைப் பொறுத்தவரை அவ்வாறு கூறுவது பொருத்தமே. ஆனால், இயற்கையின் கொடை என்று நாம் எண்ணி மகிழும் காட்சிகளுள் சில, மனிதன் தன் கைகளால் ஆக்கியவை. தலைமுறை தலைமுறையாகக் கண்ணுங் கருத்துமாய்க் காத்து வந்தவை. காக்கும் கை ஓய்ந்துவிட்டால் அக்காட்சியும் சில ஆண்டுகளில் கலைந்துபோகும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய நான் இவ்வுண்மையை உள்ளபடி உணர்ந்தது ஓய்வு பெற்ற பின்னர்தான். அதுவும் அயல்நாடொன்றில், அடுத்தவர் நிலத்துச் சுவரிலிருந்து ஒரு கல்லைக் கீழே தள்ளிவிட்ட பிறகுதான். அந்தக் கல்லின் கதையையும், அத்தகைய சுவர்கள் தாங்கி நிற்கும் ஊர்களின் கதையையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2024 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இத்தாலி நாட்டு மிலான் நகரில் பணிபுரியும் என் மகனுடைய இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் பயின்ற நண்பர் இருவரும் அப்போது உடனிருந்தனர். ஒருவர் என்னுடனேயே சென்னையில் விமானம் ஏறியவர், தமிழாசிரியர், முழங்கால் வலி உடையவர். மற்றொருவர் சுவிட்சர்லாந்திலுள்ள தம் மகளைப் பார்க்க வந்து, அங்கிருந்து எங்களைத் தேடி வந்தவர், புவியியல் ஆசிரியர், வரைபடம் இல்லாமல் வாயிற்படி தாண்டாதவர். வார இறுதி இரண்டு நாளும் எங்கேனும் சென்று வருவோம் என்று பேச்சு எழுந்தபோது, அவர் தம் பையிலிருந்து வரைபடத்தை விரித்து, ஜெனோவா நகருக்குத் தென்கிழக்கே கடற்கரையோரம் ஓரிடத்தில் விரலை வைத்தார். "ஐந்து ஊர்கள், பதினைந்து கிலோமீட்டர், இரண்டு நாட்கள் போதும்" என்றார்.

சனிக்கிழமை காலை மிலானில் ரயில் ஏறினோம். ஜெனோவாவைத் தாண்டியதும் பாதை கடலை ஒட்டிச் செல்கிறது. ஒட்டிச் செல்கிறது என்று சொன்னேனேயன்றிக் கடலை முழுதும் கண்டோம் என்று சொல்ல இயலாது. மலை நேரே கடலில் இறங்குவதால், ரயில் குகைக்குப் பின் குகையாய்ப் புகுந்து செல்கிறது. திடீரென இருள், திடீரென நீலக் கடல், மீண்டும் இருள். ஏடு ஒன்றை யாரோ விரைந்து புரட்டிக் காட்டுவது போல இருந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தின் முடிவில், ஐந்து ஊர்களுள் முதலாவதாகிய மொண்டரோசோவில் இறங்கினோம்.

இப்பகுதிக்குச் 'சிங்க்வே தெர்ரே' என்று பெயர். 'ஐந்து நிலங்கள்' என்பது அதன் பொருள். மேற்கிலிருந்து கிழக்காக மொண்டரோசோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்பன அவ்வைந்து ஊர்கள். லிகூரியா மாநிலத்தைச் சேர்ந்த இவ்வூர்களில் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நாலாயிரம் பேரே வாழ்கின்றனர். 1997 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இக்கடற்கரையை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. 1999 இல் இத்தாலிய அரசு இதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் நோக்குதல் வேண்டும். யுனெஸ்கோ நிறுவனம் தன் பட்டியலில் இயற்கைச் சின்னம், பண்பாட்டுச் சின்னம் என்றெல்லாம் வகை பிரித்து வைத்துள்ளது. மலையும் கடலும் சூழ்ந்த இவ்விடத்தை அது இயற்கைச் சின்னமாகக் கொள்ளவில்லை. பண்பாட்டுச் சின்னமாகவே கொண்டது. அதாவது, கோயிலையும் கோட்டையையும் போல இந்த மலைச்சரிவும் மனிதன் கட்டிய ஒன்று என்பது அதன் கருத்து. ரயிலில் புவியியல் நண்பர் இதனைக் கூறியபோது எனக்கு விளங்கவில்லை. மலையை யாரேனும் கட்ட முடியுமோ என்று எண்ணினேன்.

மொண்டரோசோ ஐந்தனுள் பெரியது. அகன்ற மணற்கரை உடையது. 1975 இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற யூஜேனியோ மொந்தாலே என்னும் கவிஞர், தம் இளமைக் காலத்துக் கோடை விடுமுறைகளை இவ்வூரில் இருந்த தம் குடும்ப வீட்டில்தான் கழித்தார். 'கணவாய் எலும்புகள்' என்று பொருள்படும் பெயரில் 1925 இல் வெளிவந்த அவருடைய முதற்கவிதை நூல் இக்கரையின் கல்லையும் வெயிலையும் பாடுவது. தமிழாசிரிய நண்பர் இதைக் கேட்டதும் கடற்கரையில் சிறிது நேரம் தலைகுனிந்து நடந்தார். கணவாய் ஓடு ஏதும் கிடைக்கவில்லை. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலுக்கு இவ்வூர் பெயர்பெற்றது. ஆயினும், இவ்வைந்து ஊராரும் அடிப்படையில் உழவர்களே. கடலோரத்தில் வாழ்ந்தும் மலையையே நம்பியவர்கள்.

இத்தகைய செங்குத்தான இடத்தை மக்கள் ஏன் தேர்ந்தனர் என்று நீங்கள் வினவலாம். இடைக்காலத்தில் மத்தியதரைக் கடற்கரை முழுவதும் கடற்கொள்ளைக்காரர்களின் அச்சம் மிகுந்திருந்தது. அதனால் கரையோர மக்கள் உயரத்தில் ஒதுங்கி வாழ்ந்தனர். ஜெனோவா நகரத்தார் கடலில் வலிமை பெற்றுக் காவல் அளிக்கத் தொடங்கிய பின்னர், சிறிது சிறிதாகக் கீழே இறங்கிப் பாறை இடுக்குகளில் வீடு கட்டினர். சமநிலம் இல்லாமையால் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பன போல, ஒடுங்கியும் உயர்ந்தும் அமைந்தன. மஞ்சளும் காவியும் இளஞ்சிவப்புமாகப் பூசப்பட்ட அவ்வீடுகளைத் தொலைவிலிருந்து காண்பது கண்ணுக்கு விருந்து. 1870களில் இருப்புப்பாதை வரும்வரை இவ்வூர்களுக்கு வெளியுலகத் தொடர்பு படகும் ஒற்றையடிப் பாதையுமே.

வீட்டுக்கு இடம் பாறை இடுக்கில் கிடைத்தது. வயலுக்கு இடம் எங்கே கிடைக்கும்? சரிவில் விதைத்தால் முதல் மழையிலேயே மண் கடலுக்குப் போய்விடும். ஆகவே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அம்மக்கள் மலையைப் படிகளாக வெட்டத் தொடங்கினர். நிலத்திலேயே கிடைத்த கற்களைப் பெயர்த்து, ஆள் உயரத்திற்குச் சுவர் எழுப்பி, அதன் பின்னே மண்ணை நிரப்பி, ஒரு சிறு சமநிலத்தை உண்டாக்கினர். அதற்கு மேலே மற்றொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. சில படிகள் இரண்டு மூன்று வரிசைக் கொடிகளுக்கே இடம் தருபவை. இவ்வாறு கடல்மட்டத்திற்கு அருகிலிருந்து மலையின் மேற்புறம்வரை படிவயல்கள் எழுந்தன. அவற்றில் திராட்சையும், சிற்சில இடங்களில் ஒலிவமும் எலுமிச்சையும் பயிராயின. போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்டினோ என்பன இங்கு விளையும் திராட்சை வகைகள். பறித்த பழங்களை நிழலில் பல வாரம் உலர்த்திப் பிழிந்து செய்யும் 'ஷாக்கெத்ரா' என்னும் இனிய மது இவ்வூர்களின் பழம்பெருமை.

மொண்டரோசோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு மலைப்பாதை மூன்றரைக் கிலோமீட்டர்தான். ஆயினும் நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். முழங்கால் வலியுடைய நண்பரை ரயிலில் அனுப்பிவிட்டு, புவியியல் நண்பரும் நானும் நடந்தோம். பாதையில் நடப்போரிடம் கட்டணம் பெறுகின்றனர். அது பாதையின் பராமரிப்புக்கு உதவுகிறது. படிகள் ஏறின, இறங்கின, மீண்டும் ஏறின. ஒரு புறம் திராட்சைக் கொடி; மறுபுறம் நேர் கீழே கடல். அறுவடைக் காலமாதலால் ஆங்காங்கே ஆட்கள் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தனர். பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு, ஒற்றைத் தண்டவாளத்தின்மீது பற்சக்கரத்தால் பிடித்து ஊர்ந்து செல்லும் சிறிய இயந்திர வண்டி ஒன்றையும் கண்டோம். அந்தச் சரிவில் உழவனுக்கு உதவும் இயந்திரம் அது ஒன்றே. டிராக்டரோ, மாடோ அங்கே ஏற முடியாது. மற்ற வேலை அனைத்தும் மனிதன் கையாலும் முதுகாலும் நடைபெறுபவை.

ஓரிடத்தில் பாதை மிகக் குறுகியது. எதிரே இருபது முப்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று வந்தது. அவர்களுக்கு வழிவிட எண்ணி, பக்கத்துப் படிவயலின் சுவர்மீது ஒரு காலை ஊன்றி ஏறினேன். அவ்வளவுதான். காலடியில் ஒரு கல் அசைந்தது, புரண்டது, கீழ்ப்படியில் விழுந்து இரண்டு கொடிகளை முறித்துக்கொண்டு நின்றது. என்னை நண்பர் பிடித்துக்கொண்டார். கூட்டத்தார் ஒன்றும் அறியாதவராய்க் கடந்து போயினர்.

கீழே பழம் பறித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அகவை எண்பது இருக்கலாம். அவர் கூச்சலிடவில்லை, கடிந்தும் பேசவில்லை. விழுந்த கல்லை எடுத்துக்கொண்டு மெல்ல மேலே ஏறி வந்து, அதை என் கையில் கொடுத்து, சுவரில் இருந்த பள்ளத்தைச் சுட்டிக் காட்டினார். தவறு செய்த மாணவனிடம் நல்லாசிரியர் எவ்வாறு நடந்துகொள்வாரோ, அவ்வாறே நடந்துகொண்டார்.

நான் கல்லைப் பள்ளத்தில் வைத்தேன். அது ஆடியது. திருப்பி வைத்தேன், மீண்டும் ஆடியது. முதியவர் புன்னகை செய்து அதை என்னிடமிருந்து வாங்கினார். ஒரு கணம் கையில் உருட்டிப் பார்த்தார். நீண்ட பக்கம் மலைக்குள் செல்லுமாறு திருப்பி வைத்து, பின்புறம் ஒரு சிறு சில்லுக்கல்லைச் செருகி, மற்றொரு கல்லால் இருமுறை தட்டினார். பின்னர் அதன்மேல் ஏறி நிற்குமாறு எனக்குச் சைகை காட்டினார். நின்றேன். பாறைமேல் நிற்பது போலிருந்தது.

அதற்குள் அவருடைய பேத்தி, கல்லூரி மாணவி, அங்கு வந்து சேர்ந்தாள். அவள் ஆங்கிலம் அறிந்தவள். அவள் வாயிலாகவும், புவியியல் நண்பரின் விளக்கத்தாலும் அந்தச் சுவரின் இலக்கணத்தை அங்கேயே நின்று கற்றேன்.

அச்சுவரில் சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை, கல்மேல் கல் அடுக்கியதே அது. வறுமையால் அவ்வாறு கட்டினர் என்று எண்ணிவிடாதீர்கள், அறிவால் கட்டியது. மழை பெய்தால் சுவருக்குப் பின்னுள்ள மண் நீரைக் குடித்துக் கனத்துப் போகும். வெளியேற வழியில்லாத நீர் சுவரை முன்னே தள்ளும். சாந்து பூசிய சுவர், நீரைத் தேக்கித் தேக்கி ஒருநாள் மொத்தமாக விழுந்துவிடும். சாந்தில்லாச் சுவரோ, கல்லிடுக்குகள் வழியே நீரைக் கசியவிட்டு மண்ணை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. பூந்தொட்டியின் அடியில் துளை வைப்பது எதற்கோ, அதற்காகவே இதுவும். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே சிறு கற்களைக் கொட்டி நிரப்புவர்; மண் வந்து இடுக்குகளை அடைத்துவிடாமல் அது தடுக்கும். சுவரின் அடி அகன்றும், முடி ஒடுங்கியும், முகம் சற்று மலைப்பக்கம் சாய்ந்தும் இருக்கும். ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டு கற்களின்மேல் அமர வேண்டும். இணைப்பின்மேல் இணைப்பு வந்தால் சுவர் பிளந்துவிடும். நீண்ட கற்கள் இடையிடையே மலைக்குள் வேர்போல ஊன்றி நிற்க வேண்டும்.

இவ்வாறு கட்டிய சுவரும் என்றும் நிற்பதன்று. வேர் புகும், காட்டுப்பன்றி கிளறும், நீர்வழி தூர்ந்துபோகும். அப்போது சுவர் நடுவில் வயிறு தள்ளும். தள்ளிய வயிற்றை அந்த ஆண்டிலேயே பிரித்துக் கட்டிவிட்டால் ஒருவருடைய சில நாள் வேலை. விட்டுவிட்டால் அந்த இடம் சரியும். அதன் மண் கீழ்ப்படிமேல் விழும். அந்தச் சுமையால் கீழ்ச்சுவரும் சரியும். மேலே ஒருவன் தன் சுவரை மறந்தால் கீழே பத்துப் பேருடைய உழைப்பு வீணாகும். ஆகவேதான் முதியவர் அந்த ஒரு கல்லுக்காகத் தம் அறுவடையை நிறுத்திவிட்டு மேலேறி வந்தார்.

"நீங்கள் என்ன தொழில் செய்பவர்கள்?" என்று அவர் வினவினார். "ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள்" என்றேன். பேத்தி அதனைத் தன் மொழியில் கூற, அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் காரணத்தை அவள் விளக்கினாள். "எங்கள் மொழியில் பள்ளி ஆசிரியரை 'மயெஸ்த்ரோ' என்போம். ஒரு கைத்தொழிலில் முற்றத் தேர்ந்தவரையும் அப்பெயராலேயே அழைப்போம். சுவர் கட்டுவதில் தாத்தாவை ஊரார் அப்படித்தான் அழைக்கின்றனர். இருவரும் ஒரே பெயர் உடையவர்கள் என்று சிரிக்கிறார்" என்றாள்.

"உன் தந்தையும் இவ்வேலை அறிந்தவரா?" என்று நான் கேட்டேன். அவர் நகரத்தில் அலுவலகப் பணியில் இருப்பதாகவும், அறுவடைக்கு மட்டும் வருவதாகவும் கூறினாள். "தாத்தாவுக்குப் பின் யார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் அதனைத் தாத்தாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு விடை அந்த மலை முழுவதும் எழுதப்பட்டிருந்தது. மேலும் நடந்தபோது அதனைக் கண்டோம். பசிய படிவயல்களுக்கு இடையிடையே புதர் மண்டிய சரிவுகள் இருந்தன. உற்று நோக்கினால் புதருக்குள் பழஞ்சுவரின் வரிகள் தெரியும். ஒரு காலத்தில் வயலாக இருந்தவற்றில் பெரும்பகுதி இன்று காடு. 1860களில் அருகிலுள்ள லா ஸ்பெட்சியா நகரில் பெரிய கடற்படைத் தளம் அமைந்தது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. இளைஞர்கள் ரயிலேறிக் கூலி வேலைக்குச் செல்லலாயினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திராட்சை வேரை அழிக்கும் பூச்சி பரவிப் பலருடைய கொடிகளை மாய்த்தது. அதன் பின்னர் சுற்றுலா வளர்ந்தது. ஆண்டு முழுவதும் கல் சுமந்து பெறும் வருவாயை, வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் சில வாரங்களில் பெறலாம். யாரைக் குறை கூறுவது? படிவயலின் அழகைக் காண வருவோர் பெருகப் பெருக, படிவயலில் நிற்போர் குறைந்தனர். வழிவிடுவதற்காகச் சுவர்மீது ஏறிய நானும் அப்படிக் காண வந்தவர்களுள் ஒருவனே.

மாலையில் வெர்னாட்சாவை அடைந்தோம். சிறிய துறைமுகம், நீர் விளிம்பிலேயே நிற்கும் தேவாலயம், பாறைமுனையில் பழங்கோட்டையின் கோபுரம் ஆகியவை சூழ்ந்த அழகிய ஊர். தமிழாசிரிய நண்பர் துறைமுகத்து மேடையில் அமர்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கு நடந்ததைச் சொன்னேன். அருகிருந்த கடைக்காரர் ஒருவர் எங்கள் பேச்சில் கலந்துகொண்டு, 2011 ஆம் ஆண்டில் தங்கள் ஊர் அடைந்த துன்பத்தைக் கூறினார்.

அவ்வாண்டு அக்டோபர் 25 ஆம் நாள், சில மணி நேரத்திற்குள் பெருமழை கொட்டியது. வெர்னாட்சா ஒரு சிற்றாற்றின் வாயில் அமைந்த ஊர். அந்த ஆறு கடைத்தெருவுக்கு அடியில் மூடிய கால்வாயாக ஓடுகிறது. மலைச்சரிவுகள் நூற்றுக்கணக்கான இடங்களில் பெயர்ந்து வீழ்ந்தன. சேறும் மரமும் கல்லும் கால்வாயை அடைத்தன. ஆறு தெருவிலேயே பாய்ந்தது. கடைத்தெரு நான்கு மீட்டர் உயரத்திற்குச் சேற்றில் புதைந்தது. கடைக்காரர் தம் கையை மேல்மாடிப் பலகணியை நோக்கி உயர்த்திக் காட்டியபோது நாங்கள் பேச்சற்றுப் போனோம். வெர்னாட்சாவில் மூவர் உயிரிழந்தனர். மொண்டரோசோவும் அன்றே பேரிழப்பை அடைந்தது.

பின்னர் நிலவியல் அறிஞர்கள் வெர்னாட்சாவின் மலைச்சரிவுகளை ஆராய்ந்தபோது ஒரு செய்தி தெளிவாயிற்று. மிகுதியாகச் சரிந்தவை, அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட படிவயல்கள்! உழவன் பேணிய வயல்களும், நெடுங்காலத்திற்கு முன் கைவிடப்பட்டுக் காடாகிவிட்ட சரிவுகளும் அவற்றைவிட நன்றாகவே தாங்கின. காரணம் எளியது. சுவரை நம்பி நிறுத்திய மண்ணுக்கு ஒன்று சுவர் வேண்டும், அல்லது மரவேர் வேண்டும். மனிதன் விலகி, மரம் வந்து சேராத இடைக்காலமே இடர்க்காலம். புவியியல் நண்பர் இதனைச் சொல்லிவிட்டு, "ஆயிரம் ஆண்டு மலையைக் கட்டினர், கையை எடுத்தால் அது பழைய மலையாக மாறிவிடாது, முதலில் நம்மேல் விழும்" என்றார். மலையை யாரேனும் கட்ட முடியுமோ என்ற என் ஐயம் அப்போது தீர்ந்தது.

மறுநாள் ஞாயிறு. கொர்னீலியாவுக்கு ரயிலில் சென்றோம். ஐந்து ஊர்களுள் கடலோடு நேரே தொடாத ஊர் இது ஒன்றே. கடலுக்கு மேல் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் பாறைமுனையில் அமைந்தது. நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறத்தாழ முந்நூற்றெண்பது படிகள். எண்ணிக்கொண்டே ஏறினேன், இருநூற்றைத் தாண்டியதும் எண் மறந்தது, மூச்சு மட்டுமே நினைவில் நின்றது. சிற்றுந்தில் வந்த தமிழாசிரியர் மேலே எங்களை வரவேற்று, "மெய்வருத்தக் கூலி கிடைத்ததா?" என்று வினவினார்.

அங்கிருந்து மனரோலா, அங்கிருந்து கடலோரப் பாறையைக் குடைந்து அமைத்த 'காதற் பாதை' வழியாக ரியோமஜோரே. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான இப்பாதையில் 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று பாறைகள் வீழ்ந்து ஆஸ்திரேலியப் பயணிகள் நால்வர் காயமுற்றனர். பாறைமுகம் முழுவதையும் வலையாலும் கம்பியாலும் இறுக்கிப் பாதையை மீண்டும் திறக்க 2024 வரை ஆயிற்று. நடந்து கடக்கச் சிறிது நேரமே தேவைப்படும் பாதை. செப்பனிடப் பன்னிரண்டு ஆண்டுகள். முன்பதிவு செய்தோரை அளவறிந்து அனுப்புகின்றனர்.

மனரோலாவில் மனத்துக்கு ஆறுதலான செய்தி ஒன்றையும் அறிந்தோம். 2019 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தேசியப் பூங்கா ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கைவிடப்பட்ட படிவயல்களின் சுவர்களைப் பழைய முறையிலேயே மீண்டும் கட்டி, அக்கலையைப் புதியவர்களுக்குக் கற்பிப்பது அதன் நோக்கம். முதியோர் மட்டுமே அறிந்திருந்த வேலைக்குப் பயிற்சி வகுப்பு உண்டாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 2018 இல், சாந்தின்றிக் கற்சுவர் எழுப்பும் அறிவையே மனித குலத்தின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ ஏற்றது. இத்தாலியோடு கிரீஸ், பிரான்சு, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளும் சேர்ந்து அதனை வேண்டியிருந்தன. சுவரை மட்டும் காத்துப் பயனில்லை, சுவர் கட்டும் கையைக் காக்க வேண்டும் என்பதை உலகம் உணரத் தலைப்பட்டது நன்று.

மிலானுக்குத் திரும்பும் ரயிலில் நண்பர்கள் உறங்கினர். எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கல்லின் கனம் இன்னும் கையில் இருந்தது. அதனோடு ஒரு பழைய சொல்லும் நினைவுக்கு வந்து உறுத்தியது. பள்ளியில் பாடம் படிக்காத பிள்ளைகளை நான் எவ்வாறு கடிந்துகொள்வேன் தெரியுமா? "நீ படிக்காவிட்டால் கல் சுமக்கத்தான் போவாய்!" என்பேன். நன்மை கருதிச் சொன்ன சொல்தான். ஆயினும், எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகளிடம் சொன்னேன்! அவர்களுள் கல் சுமப்பவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர்! கல்வி வேண்டாம் என்று இப்போதும் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தப் பேத்தி கல்லூரியில் பயில்வது நல்லதே. ஆனால், கல் சுமப்பதைத் தண்டனையாகக் காட்டிய என் பாடத்தில் பிழை இருந்தது. அப்பாடத்தை எல்லாரும் கற்றுத் தேர்ந்துவிட்டால் மலை நம்மேல் விழும்.

ஊர் திரும்பிய பின், என் வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் வயிறு தள்ளியிருந்ததைச் செப்பனிட ஆள் தேடினேன். வந்தவர் என் பழைய மாணவர். பத்தாம் வகுப்பில் தவறியவர். என்னைக் கண்டதும் வணங்கி, "ஐயா, நீங்கள் அன்று சொன்னபடியே கல்தான் சுமக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கூறினார். மனத்தில் வன்மம் ஏதும் இல்லை; எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அவர் சுவரைப் பிரித்து, அடிக்கல்லிலிருந்து கட்டத் தொடங்கினார். நீர் வெளியேற ஆங்காங்கே துளை விட்டார். ஒரு கல்லை வைத்தார், அது ஆடியது. கையில் உருட்டிப் பார்த்து, நீண்ட பக்கம் உள்ளே போகுமாறு திருப்பி, பின்னால் ஒரு சில்லுக்கல்லைச் செருகி, இருமுறை தட்டினார். நான் அருகில் சென்று, "அந்தச் சில்லு எதற்கு?" என்று கேட்டேன். கடற்குன்றின்மேல் நான் கேட்ட விளக்கத்தையே, ஒரு சொல்லும் பிசகாமல், அவர் தம் மொழியில் கூறினார். வெளிநாடு சென்று நான் கற்ற பாடம் என் பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

மாணவ நண்பர்களே, நம் ஊரில் கொத்து வேலையில் தேர்ந்தவரை 'மேஸ்திரி' என்கிறோம் அல்லவா? அச்சொல் போர்ச்சுகீசியர் வாயிலாகத் தமிழுக்கு வந்தது. இத்தாலியரின் 'மயெஸ்த்ரோ'வும் அதுவும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. ஆசிரியர் என்பது அவ்வேரின் பொருள். அன்று முதல் என் பழைய மாணவரை நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மேஸ்திரி என்றே அழைக்கிறேன். மற்றவர்களும் அவரை அப்படித்தான் அழைக்கின்றனர். பொருள் அறிந்து அழைப்பவன் நான்.